மூன்றரைக் கிலோ

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றின் தராசில் காரின் ஃப்ளைவீலை, அதாவது எஞ்சின் முனையில் சுற்றும் கனத்த இரும்பு வட்டத்தை வைத்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஈரத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்?” என்று கேட்டார். ஷீட் கட்டுகளோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தராசு 7.6 கிலோ காட்டியது. அதை இறக்கிவிட்டு, அட்டைப் பெட்டியில் இருந்த புதியதை எடுத்து வைத்தேன். 4.1.

“இரண்டும் ஒரே வேலையைச் செய்பவையா?”

“ஆமாம் அண்ணாச்சி.”

“அப்படியானால் அந்த மூன்றரைக் கிலோ இத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தது?”

அவர் விளையாட்டாகக் கேட்டதுதான். எனக்குப் பதில் பிடிபட ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அதற்குள் கியர் பெட்டியை இரண்டு முறை கழற்றினோம், தக்கலையில் ஒரு பேருந்து ஓட்டுநரிடம் திட்டு வாங்கினேன், இடது முழங்காலுக்குக் குழம்பு தடவினேன்.

கார் அப்பாவுடையது. 2002இல் வாங்கிய ஹோண்டா சிட்டி விடெக், டிஎன் 74. 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். இன்றைய பையன்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் டர்போ எதுவும் இல்லாமல், ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு, அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். எஞ்சின் சுற்று உயர்ந்ததும் வால்வுகளை வேறொரு கேம் மேடு அழுத்தும். வால்வுகள் அதிக உயரத்துக்கு, அதிக நேரம் திறந்திருக்கும். வண்டியின் குரலே மாறிவிடும். விடெக் என்பது இதுதான். அப்பா மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. அவர் காலம் முழுவதும் அந்த இரண்டாவது கேம் மேடு வேலைக்கே போகாமல் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது.

வண்டி என் கைக்கு வந்த பிறகு அதை வேலைக்கு அனுப்பினேன். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ஏற்றத்தில், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது எஞ்சின் சுற்றுமுள் துள்ளி மேலே போனது; வேகமுள் இருந்த இடத்திலேயே நின்றது. கூடவே கருகிய நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது. இருபது வருடம் உழைத்த பிளேட், அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி பிளேட் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. “கியர் பெட்டியை எப்படியும் இறக்கத்தானே போகிறோம், அப்போதே ஃப்ளைவீலையும் இலகுவாக மாற்றிவிட்டால் என்ன?” என்று ஒரு குரல் எனக்குள் கேட்டது. கார் வைத்திருப்பவர்களைக் கடனாளியாக்கும் வாக்கியங்களில் இந்த ‘எப்படியும்’ தொடக்கம்தான் முதலிடம்.

அழகியமண்டபத்துக்கும் தக்கலைக்கும் நடுவே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை ஊரே ஆசான் என்றுதான் கூப்பிடும். வர்மமோ சிலம்பமோ அவருக்குத் தெரியாது. கை வேலையில் அந்தப் பட்டம் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். “எதற்கு மக்களே?” என்று மட்டும் கேட்டார். வண்டி இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும் என்றேன். “வண்டி சுறுசுறுப்பாக இருக்கும். நீ இருப்பாயா?” என்றார். அப்போது அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஃப்ளைவீல் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது எங்கள் வீட்டுத் தையல் மிஷின்தான். அம்மா மிதிக்கும் பலகை முன்னும் பின்னும் சாய்கிறது. இரு கோடியிலும் ஒரு கணம், எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்தைத் திருப்ப முடியாத இடம் வரும். அந்தக் கணத்தைக் கடத்திவிடுவது கீழே சுற்றும் இரும்புச் சக்கரத்தின் கனம். நான்கு சிலிண்டர் எஞ்சினும் அப்படித்தான். பிஸ்டன்கள் திருப்பும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு முறை பெட்ரோல் வெடிக்கிறது. அதாவது அரைச் சுற்றுக்கு ஓர் அடி. வண்டி நின்றுகொண்டு எஞ்சின் 750 சுற்றில் முனகும்போது நொடிக்கு 25 அடிகள். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் பிஸ்டன் காற்றை அழுத்தியாக வேண்டும். அந்த இடைவெளியில் கிராங்கைத் தள்ளிக்கொண்டு போவது ஃப்ளைவீல் சேமித்து வைத்த ஆற்றல். அதன் கனத்தைக் குறைத்தால் எஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். சேமிப்பும் குறையும்.

முதலில் மலிவு வழியைத்தான் தேடினேன். நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறைக்காரர், இருக்கிற ஃப்ளைவீலையே கடைந்து இரண்டு கிலோ குறைத்துத் தருவதாகச் சொன்னார். கூலி ஆயிரத்து ஐந்நூறு. ஆசானிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, “கணக்குப் போடத் தெரியும்தானே உனக்கு? விளிம்பு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போட்டுப் பார்” என்றார்.

போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து விளிம்புக்கு ஏறக்குறைய 13.5 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 7000 சுற்றில் விளிம்பு நொடிக்கு நூறு மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு கிராம் இரும்பு, ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல வெளியே இழுக்கிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுப்புக்கு அது சோப்ளாங்கி. எங்கே எவ்வளவு கடையலாம் என்பது தெரியாமல் மெலிய வைத்தால், வெப்பத்தில் விழுந்த மயிரிழை விரிசல் ஒன்று போதும், சக்கரம் துண்டுகளாகச் சிதறும். அதைச் சுற்றியிருப்பது அலுமினியக் கூடு. கூட்டுக்குச் சற்றுத் தள்ளி நம் கால்கள். சரியாகக் கணக்கிட்டு, கடைந்த பின் சமநிலை பார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவர் சமநிலை பார்க்கும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சமானது.

ஆகவே கோவை. கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரால் பந்தயத் தடம் இருக்கும் ஊர் என்பதால் இந்த வகைச் சரக்கு அறிந்தவர்கள் அங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு ஃப்ளைவீல், அதோடு ஒரு கிளட்ச் செட். விலையை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

கிளட்ச் விஷயத்தில்தான் நான் முட்டாளானேன். சாதாரணக் கிளட்ச் பிளேட்டில் வட்டம் முழுவதும் ஆர்கானிக் லைனிங் இருக்கும். நான் ஆசைப்பட்டதில் அதற்குப் பதிலாக ஆறு செராமிக் வில்லைகள், பூவிதழ்போல ஒட்டியிருக்கும். கூடவே, அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் கடினமான பிரஷர் பிளேட். ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிடிமானப் பொருளின் உராய்வு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் ஆரம். நான் வாங்கியது இரண்டில் தாராளம். என் எஞ்சினைப் போல இரண்டு மடங்கு முறுக்குவிசைக்குப் போதுமானது. என் எஞ்சினிலோ ஒரு குதிரைகூடக் கூடவில்லை. 106 குதிரைக்குக் கம்பெனி கிளட்சே ஏராளம் என்பதை இருபது வருடம் உழைத்துத் தேய்ந்த பழைய பிளேட் நிரூபித்திருந்தது. அது கண்ணில் படவில்லை. ஆறு இதழ்கள் பட்டன. யானைச் சங்கிலியை வாங்கிவந்து ஆட்டுக்குட்டியைக் கட்டிய கதை.

ஆனி மாத மழையில் வேலை நடந்தது. டிரைவ் ஷாஃப்டுகளை உருவி, கியர் ஆயிலை வடித்து, எஞ்சினை மேலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டு, கியர் பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தி இறக்கினார்கள். பழைய ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. வழுக்கிய சூட்டின் அடையாளம். அதைக் கழற்றியதும் கிராங்கின் பின்முனையில் ஆயில் சீல் தெரிந்தது. கசிவில்லை. ஆனாலும் மாற்றினோம். சீல் கசிந்து ஒரு சொட்டு ஆயில் புதுப் பிளேட்டில் விழுந்தால் மறுபடியும் முழுப் பெட்டியையும் இறக்க வேண்டும். ரிலீஸ் பேரிங்கும், ஃப்ளைவீல் நடுவே இருக்கும் சிறிய பேரிங்கும் அதே காரணத்தால் புதியவை.

ஆசான் பிளேட்டைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவர் அப்படிக் கை கழுவுவதை அதற்கு முன் சாப்பாட்டுக்குக்கூட நான் பார்த்ததில்லை. புது ஃப்ளைவீலின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெய்ப் படலத்தைத் துணியால் மூன்று முறை துடைத்தார். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும்வரை இறுக்கினார். பிளேட்டை நடுமையத்தில் நிறுத்த, ஒரு போலித் தண்டைச் செருகிப் பிரஷர் பிளேட்டை மாட்டினார். இந்த மையம் ஒரு நூல் விலகினாலும் கியர் பெட்டியின் தண்டு உள்ளே நுழையாது. இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். எங்களுக்கு முதல் முயற்சியிலேயே நுழைந்தது.

சாவியைத் திருப்பியதும் வேறொரு வண்டி. ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் முள் எகிறுகிறது, காலை எடுத்தால் பொத்தென்று விழுகிறது. பட்டறைக்கு வெளியே, குமாரபுரம் பக்கம் ஆளில்லாச் சாலையில் இரண்டாவது கியரில் அந்த எஞ்சின் பாடியதைக் கேட்டபோது, செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் நியாயமாகப் பட்டது. இந்த மகிழ்ச்சி தக்கலைச் சந்திப்பு வரை நீடித்தது.

நாகர்கோவில்–களியக்காவிளைச் சாலையில் மாலை ஐந்து மணிக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஓரடி நகர வேண்டும், நிற்க வேண்டும், மறுபடியும் ஓரடி. செராமிக் வில்லைகளுக்கு நடுநிலை என்று ஒன்று கிடையாது. பிடித்தால் பிடி, விட்டால் விட்டது. பழைய ஃப்ளைவீல் இருந்திருந்தால் அதன் கனம் அந்த முரட்டுப் பிடியைக் கொஞ்சமாவது சமாளித்திருக்கும். இப்போது அந்தச் சேமிப்பும் இல்லை. கிளட்சை விட்டேன், வண்டி குதிரைக்குட்டிபோல நான்கு முறை உதறிவிட்டு அணைந்தது. மறுபடியும் கிளப்பினேன், மறுபடியும் அணைந்தது. மூன்றாவது முறை, பின்னால் இருந்த பேருந்தின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி என் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். அதை அப்படியே எழுத முடியாது.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஏசியைப் போட்டால் சிக்னலில் முனகல் தள்ளாடியது. கியர் போடாமல் நிற்கும்போது பெட்டிக்குள் கடலை வறுப்பதுபோலக் கடகடச் சத்தம்; முன்பு ஃப்ளைவீல் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வுகள் இப்போது நேராகக் கியர்ப் பற்களுக்குப் போகின்றன. பெடல் கல்போல இருந்தது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் கட்டியவர்களை வாழ்த்தினேன். அந்தப் பாலத்தின் மேல் மட்டும்தான் என் முழங்காலுக்கு ஓய்வு.

ஆசானிடம் போய்ப் பெட்டியை மறுபடியும் இறக்கச் சொன்னேன். அவர் “நான் சொன்னேனே” என்று சொல்லவில்லை. கூலியில்தான் சொன்னார். இந்த முறை மாட்டியது ஆர்கானிக் லைனிங் உள்ள, நடுவில் சுருள்வில்கள் வைத்த பிளேட். கம்பெனி அளவில் அழுத்தும் பிரஷர் பிளேட். ஃப்ளைவீல் மட்டும் இலகுவானதே இருந்தது. நடுவில் இருக்கும் அந்தச் சுருள்வில்கள் முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்பவை. கடலை வறுக்கும் சத்தம் பாதியாகக் குறைந்தது. முதல் 800 கிலோமீட்டருக்கு எஞ்சினை விரட்டாமல் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். புது லைனிங்கும் புது முகமும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதற்குள் சூடேற்றினால் லைனிங் பளபளத்துப் பிடியை இழந்துவிடும்.

இலகுவான ஃப்ளைவீல், கியர் மாறும்போது சுற்றும் வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களைக் காப்பாற்றும் என்று பலர் சொல்வதுண்டு. நானும் நம்பியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இருக்க முடியாது. கியர் மாற்றும்போது கிளட்ச் அழுந்தியிருக்கிறது; ஃப்ளைவீல் எஞ்சின் பக்கம் துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது. சிங்க்ரோ இழுத்துப்பிடிக்க வேண்டியது கியர் பெட்டித் தண்டையும் அதோடு சுற்றும் கிளட்ச் பிளேட்டையும்தான். ஆகவே பிளேட்டின் எடை குறைந்தால் சிங்க்ரோவுக்கு நல்லது. ஃப்ளைவீல் எடை எவ்வளவானாலும் அதற்குக் கவலையில்லை.

அப்படியானால் மூன்றரைக் கிலோவைக் கழித்ததில் எனக்குக் கிடைத்தது என்ன? குதிரைத்திறன் கூடாது, ஃப்ளைவீல் பெட்ரோலை எரிப்பதில்லை. கிடைப்பது, எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் செலவழிக்கும் விசையில் சிக்கனம். அந்தச் சிக்கனம் கியருக்குக் கியர் மாறும். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 13, 14 சுற்றுச் சுற்றுகிறது. ஃப்ளைவீலை அத்தனை வேகமாக முடுக்க வேண்டியிருக்கிறது. இந்த விகிதம் வர்க்கமாகக் கணக்கில் வருவதால், கழித்த மூன்றரைக் கிலோ முதல் கியரில் வண்டியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோவை இறக்கியதற்குச் சமம். இரண்டாவது கியரில் 35 கிலோ. மூன்றாவதில் 15. ஐந்தாவதில் வெறும் ஐந்து கிலோ. அதாவது ஓர் அரிசிப் பை.

இந்தக் கணக்கை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேல் விரித்துப் போட்டால் அழகாக இருக்கும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். நேர் சாலை, இருபுறமும் காற்றாலைகள். ஆடிக் காற்றில் ஐந்தாவது கியரில் போகும்போது என் ஃப்ளைவீல் செலவுக்கு எந்தப் பலனும் இல்லை. முப்பந்தலில் காற்று பக்கவாட்டில் அறைகிறபோது அந்த நூறு கிலோ நிஜமாகவே வண்டியில் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றும். மேற்கே கல்குளம், விளவங்கோடு. அங்கே நேர் சாலை என்பது வதந்தி. ஒரு ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி ஏறி, ஒரு சர்ச்சைச் சுற்றி இறங்கி, ஓடைப் பாலத்தில் ஒடித்துத் திரும்பி, மறுபடியும் ஏறும். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. திருவட்டாறிலிருந்து குலசேகரம் வரை நான்காவது கியர் எனக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. அந்தச் சாலைக்காகவே செய்ததுபோல இருக்கிறது இந்தச் சக்கரம். வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், எஞ்சின் சொன்ன இடத்துக்கு வந்து நிற்கிறது.

ஆனால் அதே மேற்கில்தான் வீட்டு வாசலுக்கு ஏறும் செங்குத்துப் பாதைகளும் உண்டு. எங்கள் வீட்டுப் பாதையே அப்படி. பழைய சக்கரம் இருந்தபோது 1000 சுற்றில் கிளட்சை விட்டால் தானாக ஏறும். இப்போது 1500 வேண்டும், கிளட்சையும் கூடுதலாக வழுக்கவிட வேண்டும். அதாவது கிளட்ச் முன்பைவிடச் சீக்கிரம் தேயும். அதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. ரப்பர்க் கடைக்காரருக்குப் பதில் எனக்குக் கிடைத்ததும் இந்த ஏற்றத்தில்தான். அந்த மூன்றரைக் கிலோ இருபது வருடமாக அப்பாவின் கால் பிழைகளையும் என் கால் பிழைகளையும் சத்தமில்லாமல் மன்னித்துக்கொண்டிருந்தது.

இதில் ஒருவருக்கு மட்டும் அந்த மன்னிப்பு தேவைப்படவில்லை. கருங்கல் பக்கம் ஆசிரியையாக இருக்கும் அக்கா, ஒரு நாள் அவசரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். எச்சரிக்கைகளை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு, “கிளட்ச் நன்றாக இருக்கிறதே தம்பி, முன்பு மந்தமாக இருந்தது” என்றாள். தக்கலை வழியாகவா வந்தாய் என்று கேட்டேன். ஆமாம், சந்தை நாள், இருபது நிமிடம் நகரவே இல்லை என்றாள். ஒரு தடவையும் அணையவில்லையாம். அம்மாவின் மிஷினில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ரவிக்கை தைத்த கால் அது. நான் அந்த மிஷினில் ஏறினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூலை அறுக்கும்.

பழைய ஃப்ளைவீலைக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, அந்த மிஷினுக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். இதே மாடல் கார், இதே ஆசை. வாயால் விளக்குவதைவிட ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியைக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குத் தக்கலைக்குப் போய்த் திரும்பிவர அவரோடு போனேன். ஐந்து முறை அணைந்தது. இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வண்டியின் ஃப்ளைவீல் சூட்டில் விரிசல் விட்டிருக்கிறது, என் பழையதை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார்.

தரவில்லை.